துஷ்டி மாமா வாசித்த வீடுகள்

அவர் புகை மெஷினோடு வந்தால் எங்கள் லைன் வீடுகளில் கதவைச் சாத்துவோம். மெஷின் இல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் அம்மா கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். காதில் விழாத செய்தி நடக்காத செய்தி என்பது அவள் நினைப்பு.

கார்ப்பரேஷனில் கொசுவுக்குப் புகையடிப்பது அவர் உத்தியோகம். காக்கிச் சட்டை, தோளில் மெஷின், புகைக்குள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடும் ஊர்ப் பிள்ளைகள். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. மட்டாஞ்சேரியில் இருக்கிற எங்கள் தமிழ்க் குடும்பங்களில் யாராவது இறந்துபோனால் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருவது அவர்தான். துஷ்டி சொல்வது என்போம். எங்கள் தாத்தாமார் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தபோது இந்த வழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மலையாளம் எங்கள் வாயில் ஏறிவிட்டது, புட்டும் கடலையும் வயிற்றில் இறங்கிவிட்டது, ஆனால் துஷ்டியை மட்டும் ஆள் வந்துதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு மொபைல் வந்த பிறகும், "ஃபோன்ல சொன்னாங்க, ஆளு வரல்ல" என்று சாவுக்கு வராமலே இருந்துவிட்ட சம்பந்திகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வைப்பின் தீவுக்குப் போட்டிலும் ஏலூருக்குப் பஸ்ஸிலும் அவர் போய்க்கொண்டே இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் மாமா. முதுகுக்குப் பின்னால் துஷ்டி மாமா.

எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல மாட்டார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால், "சாப்பிட்டு வாங்க, நான் நிக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நிற்பார். செய்தி காதில் விழுந்துவிட்டால் பிணம் எடுக்கிறவரை பச்சைத்தண்ணீர் இறங்காது, அதற்கு முன்னால் ஒரு வாய் சோறு உள்ளே போகட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அந்தக் கேள்வியே இழவுச் செய்தியாகிவிட்டது. "சாப்பிட்டேன் மாமா, ஆருன்னு சொல்லுங்க" என்று சிலர் பதிலையும் கேள்வியையும் சேர்த்தே சொல்லப் பழகிவிட்டார்கள்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தையைப் பார்த்து, மரியாதைக்குத்தான், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அந்த அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அழைத்துப் பேசித் தெரிந்துகொள்கிறவரை தாலி கட்டு நின்றது. அதற்குப் பிறகு என் சித்தி அவருக்குக் கட்டம் போட்ட ரோஸ் நிறச் சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்து, "இனி நல்ல காரியத்துக்கு இதுதான், மனசிலாச்சா?" என்று உத்தரவு போட்டாள். மனுஷர் அதை மறுக்காமல் போட்டுக்கொண்டு வந்தார். பார்க்கச் சகிக்காது.

இவ்வளவும் அவருடைய தொழில். அவருடைய குணம் வேறு. எதற்கும் அடுத்தது என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. "பெறகு என்னாச்சு?" இது வாயில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தோப்பும்படிக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பெண்கள் மருமகள் விஷயமாகப் பேசிக்கொண்டு வந்தார்களாம். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல், பேச்சு முடிகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தே திரும்பியிருக்கிறார். "அந்தாளுக்கு அடுத்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு தெரியாட்டி ஒறக்கம் வராது" என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வம்புப் பேச்சுக்கு அலைகிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்த இன்டர்நெட் கஃபேயில் எனக்கு வேலை கிடைத்தது. மலையாளத்தில் பிளாக் எழுதுவது அப்போது காட்டுத்தீயாகப் பரவிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருப்பவன் ஊர் மழையைப் பற்றி எழுதுவான். ஊரில் இருப்பவன் அலுவலகத்தில் மேலாளருக்குத் தெரியாமல் எழுதுவான். பேர் போட மாட்டார்கள், மறைந்துகொண்டு மனதைத் திறப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் புகையடிக்க வந்த மாமா மேலே எட்டிப் பார்த்தபோது, யாரோ திரையைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதைப் பார்த்தார். "என்னா அது?" என்றார். நான் ஒரு பிளாக்கைத் திறந்து காட்டினேன். மறுநாள் காக்கிச் சட்டையோடு வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்தார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எங்களில் பாதிப் பேரைப் போல. மலையாளம் வாசிப்பார். ஒவ்வொரு வரியாகத் திரையில் விரலை வைத்து வாசிப்பார். அவர் போன பிறகு கண்ணாடியெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிற விரல் தடம். துடைத்துத் துடைத்து எனக்கு எரிச்சல் வரும். அரசியல், சினிமா, கவிதை எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். வீட்டு விஷயம் வேண்டும். ஒருத்தி, தன் அம்மாவை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று எழுதியிருந்தாள். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படியில் நின்றார்.

"அந்த அம்மைக்கு எப்படி இருக்குன்னு போட்டாளா?"

"மாமா, இன்னும் கரண்டே போடல்ல நான்."

"அப்ப போடு மோளே. என்ன பாத்துக்கிட்டு நிக்கே?"

அவள் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. நான்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டேன்: "ஊரான் வீட்டு அம்மைக்கு என்ன ஆனா உங்களுக்கு என்ன மாமா? அவங்க ஆருன்னே தெரியாது. எதுக்கு இந்தப் பாடு?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். கீழே கடையிலிருந்து வந்த சாயாவை ஊதிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"எத்தன வீட்டுல போயி சொல்லியிருக்கேன் நான்? சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும். தண்ணி குடிக்கக் கூடாது, போயிட்டு வாறேன்னு சொல்லக் கூடாது. அடுத்த வீடு இருக்கும். முதுகுக்குப் பின்னால அலறல் கேக்கும், அவ்வளவுதான் எனக்கு. அந்தப் பிள்ளைங்க பெறகு படிச்சுதா? அந்தப் பொம்பள எப்படிப் பொழச்சா? ஒண்ணும் தெரியாது. இதுல பாரு, அவங்களே வந்து சொல்றாங்க."

அதற்குப் பிறகு கண்ணாடியைத் துடைக்க எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவரை வம்புக்காரர் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். பொழுதுபோகாமல் பிளாக் வாசிக்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இந்த மனுஷருக்கு அது அவர் திரும்பிப் பார்க்காமல் வந்த வீடுகளின் ஜன்னல்.

அப்படி ஒரு ஜன்னலில் அவர் தன்னையே பார்த்த நாளும் வந்தது.

பேர் போடாத ஒரு பையன் புதிதாக எழுத ஆரம்பித்திருந்தான். நன்றாக எழுதினான், நானும் வாசிப்பேன். தன் அப்பா இறந்த நாளைப் பற்றி ஒரு பதிவு போட்டிருந்தான். மட்டாஞ்சேரிக்கு அண்ணன் வீட்டுக்குப் போன அப்பா அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். தொண்ணூறுகளில் நடந்தது, இவன் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு எதிரே விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றார். அம்மாவிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அம்மா தொலைவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளுக்கு ஆளைத் தெரியாது. சாப்பிட்டு வாங்க என்றதும் உள்ளே வந்து, மீன்குழம்பு ஊற்றி, இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு நிறையச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வெளியே போனாள். அப்போதுதான் அவர் சொன்னார்.

மலையாளத்தில் இருந்த கடைசி வரிகளை எனக்கு வந்த தமிழில் சொல்கிறேன். "அங்கே அவர் பிணமாகக் கிடக்கும்போது நான் இரண்டாம் சோறு போட்டுத் தின்றேனே என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் மத்தியானம் சாப்பிட்டதே இல்லை. அந்த மனிதர் ஏன் உடனே சொல்லவில்லை?"

மாமா விரலை எடுக்காமல் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"ஏலூர்" என்றார். "பெரியாத்தங்கரை வீடு. மத்தவங்க ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு ஓடி வந்துருவாங்க. இந்தப் பொண்ணு மட்டும் நல்லாச் சாப்பிட்டா. எனக்கு அன்னைக்கு மனசுக்கு எவ்வளவு சமாதானமா இருந்தது தெரியுமா மோளே?"

எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டு வாசலிலும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. போன உடனே, யார், எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். "மாமாவுக்கு என்னாச்சு, மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றார்" என்று எங்கள் லைனில் அதற்கும் குறை சொன்னார்கள். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆனால் அந்த பிளாக்கை விடவில்லை. முதலில் அதைத்தான் திறக்கச் சொல்வார். பையனுக்கு வேலை போயிருந்தது. நெருங்கிய நண்பர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். அம்மாவிடம் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டுச் சும்மா அலைந்து திரும்புவதைப் பற்றி வேடிக்கை போல எழுதுவான். பிறகு வேடிக்கை குறைந்தது. பதிவுகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. நாலு வரி, இரண்டு வரி. சில நாள் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லாத நாளில் மாமா சாயா குடிக்காமல் திரும்பிப் போவார். அந்தப் பக்கத்தைத் திறக்கிற நேரத்தில், இழவு வீட்டு வாசலில் நிற்பது போல இருவரும் நிற்போம்.

"ஏதாவது எழுதிப் போடுங்க மாமா. நான் டைப் பண்றேன்" என்றேன்.

"துஷ்டி சொல்ல எனக்கு வார்த்தை உண்டு. இதுக்கு என்ன சொல்லணும்னு தெரியல்லியே." கடைசியில், "மோனே, காலையில வெளிய எறங்கிக் கொஞ்சம் நட" என்று போடச் சொன்னார். போட்டேன். நீங்கள் யார் என்று அவன் கேட்டான். அதற்கு மாமா பதில் போட விடவில்லை. "நான் ஆருன்னு அவங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

பிறகு ஒரு நாள் வைப்பினில் துஷ்டி சொல்லிவிட்டுப் போட்டிலிருந்து இறங்கி நேராக வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பிளாக்கைத் திறந்தேன். காலையில் போட்ட பதிவு இருந்தது.

"இனி எழுத ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மட்டும் யார் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால், இந்த முறை உடனே சொல்லிவிடட்டும்."

கீழே ஏழெட்டுப் பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அருமையான நடை என்று ஒருவன். சிறுகதையா என்று ஒருத்தி. மாமா கடைசி வரியில் வைத்த விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்தார்.

"எனக்கு வீடு தெரியும். நீயும் வா."

"போலீஸ்ல சொல்லலாம் மாமா."

"என்னன்னு சொல்லுவே? அவன் பேரு தெரியுமா? போற வழியில சொல்லு, இப்ப வா." கதவு வரை போனவர் நின்று தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "நான் தனியாப் போயி நின்னா அந்தப் பொம்பள என்ன நெனைப்பா? நீ முன்னால நட. நீதான் பேசணும்."

உள்ளே இருந்தவர்களிடம், "எழுந்திரிங்க, கரண்ட் போகப் போகுது" என்று கூசாமல் பொய் சொல்லி எல்லோரையும் விரட்டினேன். ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினோம். எறணாகுளம் பஸ், அங்கிருந்து ஏலூர் பஸ். அந்த பஸ்கள் அன்றைக்கு நகர்ந்ததுபோல என்றைக்கும் நகர்ந்ததில்லை. பாலத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது, இறங்கி நடந்துவிடலாமா என்று கேட்டேன். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த மாமாவின் கையில் நரம்பு புடைத்திருந்தது. தொழிற்சாலைகளின் காட்டமான நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான், "எறங்கணும்" என்றார்.

ஒற்றை ஓட்டு வீடு. பின்னால் ஆறு. பையன் எழுதியிருந்த அங்கன்வாடி ஆயா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, ஒரு பெண் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமாவை அப்பாலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். "சேச்சி, உங்க மோனோட சிநேகிதி நான், அவர் இருக்காரா?" என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அவன் எறணாகுளத்துக்கு இன்டர்வியூவுக்குப் போயிருக்கான். நீ எங்க..." என்று நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

திரும்பினேன். விளக்குக் கம்பத்தடியில் மாமா. எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. பழகிய கால் தானாகப் போய் நின்றுவிட்டது.

"சேச்சி, அப்படியில்ல" என்றேன். எங்கே கேட்டாள்? அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். வெள்ளைச் சட்டை வேறு யாருக்காக வந்திருக்க முடியும்? "என் மோனே..." என்று ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தரையில் விழுந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். "என்னையும் கொண்டுபோங்க, நான் ஆருக்குச் சமைப்பேன், ஆரு வருவான்னு வெளக்கு வைப்பேன்" என்று நெஞ்சில் அறைந்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. மாமா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இல்ல, இல்ல" என்கிறார். வாய்தான் அசைகிறது, குரல் வரவில்லை.

அப்போது வீட்டுக்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அவன் போகவே இல்லை. பின்வழியாகத் திரும்பி வந்து உள்ளறையில் இருந்திருக்கிறான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷேவ் செய்யாத முகம், கசங்கிய சட்டை. தனக்காக அம்மா ஒப்பாரி வைப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் இருந்ததை என்னால் எழுத முடியவில்லை.

"அம்மா" என்றான்.

அவள் தலையைத் தூக்கினாள். எழுந்து ஓடிப்போய் அவன் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், பிறகு ஓங்கி அறைந்தாள். மறுபடியும் கட்டிக்கொண்டாள். பிறகு சட்டென்று திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

"பின்ன ஆரு? ஆரு போனது?"

தெரு முழுக்கக் காத்திருந்தது. பையனின் கண் மாமாமேல்தான் இருந்தது. சொல்லாதே என்கிற கெஞ்சல் அதில் இருந்தது. யாருமில்லை, வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு மாமா நடந்திருக்கலாம். அந்த நிமிஷத்தில் அவர் அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

மாமா கம்பத்தை விட்டு வாசல் வரை வந்தார்.

"ஆரும் போகல்ல தங்கச்சி. இவன் போகப் பாக்குறான். எழுதி வச்சிருக்கான், நான் வாசிச்சேன்."

"கதை!" என்று பையன் கத்தினான். "அது வெறும் கதை. கம்ப்யூட்டர்ல எல்லாரும் எழுதுறதுதான். நீங்க ஆரு அத வந்து சொல்ல? அம்மா, இந்தாளுக்குப் பிராந்து, பைத்தியம்!"

"கதையா இருந்தா எனக்குப் பிராந்துதான் மோனே. ஊரு நல்லாச் சிரிக்கட்டும்" என்றார் மாமா. "கதையில்லேன்னா நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட வாறேன்."

அவள் மகனின் கையைப் பிடித்து, மண் ஒட்டிய முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். குரல் இறங்கியிருந்தது.

"கதைதானாடா?"

அவன் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். தெருவில் இருந்தவர்களும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தலையை அவள் முழங்காலில் முட்டிக்கொண்டு, "கதையல்லம்மா" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை.